தண்ணி இறங்கட்டும்

மேப்பில் குத்த ஊசி கேட்டு
மூன்று முறை எழுதியாயிற்று. வரவில்லை.
குங்குமத்தைத் தொட்டு வைக்கிறேன்.
பைக் திருட்டுக்கு ஒரு பொட்டு,
சங்கிலிக்கு ஒன்று,
கரும்புத் தோட்டத்து மோட்டாருக்கு ஒன்று.
ஆடி முடிவதற்குள்
நகரி ரோட்டுக்கு நெற்றி நிறைந்துவிட்டது.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கேட்டார்,
"இந்த ஊர் ஜனங்களே இப்படித்தானா, ரைட்டர்?"
ஜனங்களை விடுங்க ஐயா,
ரோட்டைப் பாருங்க என்றேன்.

பஜாரிலிருந்து பெட்ரோல் பங்க் இரண்டு நிமிஷம்.
பங்கிலிருந்து வேகத்தடை இல்லாத நேர்கோடு.
மாந்தோப்பு தாண்டினால் தரைப்பாலம்.
அதற்கு அந்தப் பக்கம்
போர்டில் எழுத்து வட்டமாகிவிடும்.
மொத்தம் பதினொரு நிமிஷம்.
நம் ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே
பன்னிரண்டு ஆகிறது.

எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டால்
அவன் திருடன் இல்லை,
கடிதப் போக்குவரத்து.
அந்தப் பக்கத்து சுப்பராயுடு
போனில் தங்கமான மனுஷன்.
"சூஸ்தாம் மேடம், சூஸ்தாம்."
அவர் சுவரிலும் ஒரு மேப் தொங்குகிறதாம்.
அதில் வண்டிகள் எல்லாம்
எங்கள் பக்கம் ஓடி வருகின்றனவாம்.

மலையடியில் ஒரு காலனி.
உள்ளே போகும் வழியேதான்
வெளியே வரும் வழியும்.
அங்கே ஒரு பூட்டுகூட உடைந்ததில்லை.
"ஒழுக்கமான மக்கள்" என்று
பழைய ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருக்கிறார்
எனக்கு முன்பிருந்த ரைட்டர்.
போய்ப் பார்த்தேன்.
நல்லவர்கள்தான், எல்லா ஊரிலும் இருக்கிற அளவுக்கு.
தெரு முட்டுச்சந்து.
ரேஷன் கடைத் தெருவுக்கோ மூன்று வாய்;
விசைத்தறி ஓடும் ராத்திரிகளில்
நாடா அடிக்கும் சத்தமும் பூட்டு தெறிக்கும் சத்தமும்
அங்கே ஒன்றுதான்.

கார்த்திகையில்
மேலே ஆந்திராவில் அணையைத் திறந்தார்கள்.
பாலம் முதலில் நனைந்தது.
மத்தியானத்துக்குள் காணாமல் போயிற்று.
இந்த ஸ்டேஷன் லிமிட்டில் காணாமல் போனவற்றில்
யாரும் புகார் கொடுக்காத ஒரே பொருள்.

இருபத்திரண்டு நாள்.
ஒரு பொட்டு இல்லை.
"குறிப்பிடும்படி எதுவும் இல்லை" என்று எழுதி எழுதி
என் கையெழுத்து அழகாகிக்கொண்டே போனது.
பழைய கேடி பக்தவச்சலம்
எதிர்க் கடையில் நின்று நிதானமாக டீ குடித்தான்.
"என்னடா, திருந்திட்டியா?"
"தண்ணி இறங்கட்டும் மேடம்."

பத்தொன்பதாம் நாள் ராத்திரி
அந்த முட்டுச்சந்துக் காலனியில்
கோதண்டத்தின் மருமகள் சுகுணாவுக்கு வலி கண்டது.
பாலம் வழியாக நகரி ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர்.
திருத்தணி சுற்றிப் போனால் முப்பத்தெட்டு.
ஆம்புலன்ஸ் உள்ளே திரும்ப இடமில்லை.
டிராக்டரில் போனார்கள்.
விடிந்தபோது அதே டிராக்டர்
துணியில் சுற்றிய ஒன்றோடு திரும்பி வந்தது.

எந்தப் பிரிவில் எழுதுவது?
எதிரியின் பெயர் என்ற கட்டத்தில்
தண்ணீர் என்றா,
முப்பத்தெட்டு என்றா?
அன்றைக்கும் நாட்குறிப்பில்
குறிப்பிடும்படி எதுவும் இல்லை.
மேப்பில் காலனி இருக்கும் இடத்தில்
வெறும் விரலை வைத்துவிட்டு எடுத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கியது.
பாலத்துச் சேற்றில் முதல் தடம்
ஒரு ஆட்டுக்குட்டியுடையது.
இரண்டாவது டூவீலர்.
வண்டிக்காரர் பத்து மணிக்கு வந்தார்,
கையில் சாவி மட்டும்.

தை மாதம் நெடுஞ்சாலைத்துறையிலிருந்து கடிதம்.
தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டுவது பற்றிக்
காவல் நிலையத்தின் கருத்து என்ன?
"நீயே எழுதிடும்மா" என்று
இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனார்.
மேப் எனக்கு நேர் எதிரே.
பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து,
எழுதினேன்:
அவசியம். எந்த வெள்ளத்திலும் மூழ்காத உயரத்துக்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் பஜாரில்
குங்குமப் பொட்டலம் கேட்டேன்,
இருப்பதிலேயே பெரியது.
"வீட்ல விசேஷமா மேடம்?" என்றான் கடைப் பையன்.